‘இன்னும் ஆகலை’ டாக்டர்

வாத்து முட்டையைக் கரண்டிக் காம்பால் மெல்லத் தட்டி, ஓட்டை நகத்தால் சில்லுச் சில்லாகப் பெயர்த்துக்கொண்டிருக்கிறார் டாக்டரம்மா லியூ. ஓடு முழுவதும் தட்டில் உதிர்ந்துவிட்டது. உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. பட்டுத்துணியில் முடிந்துவைத்தது போல முட்டை அவருடைய உள்ளங்கையில் ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது.

“ஆறிடப் போவுது. திங்க வாங்கினியா, தாலாட்ட வாங்கினியா?” என்கிறாள் முட்டைக்கடைக்காரி.

“இரு அக்கா. இன்னும் ஆகலை.”

வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, மனம் நிறைந்த பிறகுதான் சவ்வைக் கிள்ளி, உப்பும் மிளகும் தொட்டு வாயில் போடுகிறார். வியட்நாமின் ஸா டெக் ஆற்றோரச் சந்தையில் இது அன்றாடக் காட்சி. சவ்வு கிழிந்துபோனால் முகம் சுணங்கும். இன்னொரு முட்டை வாங்குவார். காலையில் கை முதலில் எப்படி நடந்துகொள்கிறதோ அப்படித்தான் அன்று முழுக்க நடந்துகொள்ளும் என்பது அவருடைய நம்பிக்கை. கடைக்காரி அதை எதிர்த்துப் பேசியதில்லை. வியாபாரம் அவளுக்கு.

ஊரில் பாதிப் பேர் லியூவைக் கண்டால் வாயை மூடிக்கொள்வார்கள். படகுத்துறையில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் போதும், “கீழ்வரிசை, இடது பக்கம், ஈறு இறங்கிக் கெடக்கு. எப்ப வரே?” என்று கேட்டுவிடுவார். போன வருஷம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையிடமே கேட்டுவிட்டார். மணப்பெண்ணின் தாய் இன்னும் அவரோடு பேசுவதில்லை. மாப்பிள்ளை மட்டும் அடுத்த வாரமே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். முகங்களை லியூ மறந்துவிடுவார். எதிரே வந்து நலம் விசாரிப்பவரை வெறித்துப் பார்ப்பார். அவர் கொட்டாவி விட்டதும், “அட, நீயா” என்பார்.

அவர் பல் வைக்கும் டாக்டர் இல்லை. பல் வைக்க இடம் செய்துகொடுக்கும் டாக்டர். அந்த வித்தியாசத்தை விளக்கியே பாதி வாழ்நாள் போய்விட்டது. திருகாணி மாதிரி ஒன்றைத் தாடை எலும்பில் இறக்கி, அதன் மேல் பல்லை நிறுத்துகிறார்களே, அந்த இம்ப்ளான்டுக்குக் கீழே எலும்பு வேண்டும். சுற்றிக் கெட்டியான ஈறு வேண்டும். பல் விழுந்து நாளானால் இரண்டும் இருப்பதில்லை.

“ஆத்தங்கரையில மரத்த வெட்டிட்டா என்னாவும்?” என்று வருகிறவர்களிடம் கேட்பார்.

“கரை இடிஞ்சு தண்ணிக்குள்ள போவும்.”

“அதேதான். பல்லு மரம். எலும்பு கரை. மரத்தப் புடுங்கிட்டு ரெண்டு வருஷம் சும்மா இருந்தா, கரை உன்னக் கேட்டுக்கிட்டா இருக்கும்?”

அடுத்த பாடம் மணல். அந்த ஆற்றுநாட்டில் மணல் நிரப்பாமல் யாரும் வீடு கட்டுவதில்லை. பள்ளமான மனைக்குப் படகிலிருந்து குழாய் போட்டு மணலை இறைத்து நிரப்பி, அது ஒரு மழைக்காலம் நனைந்து, அமுங்கி, இறுகும்வரை காத்திருப்பார்கள். காத்திராதவர்களின் வீடுகள் ஊருக்கு நாலு உண்டு. சன்னல் ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம் சாய்ந்து, பார்க்கிறவர்களுக்குப் பாடமாக நிற்கின்றன.

“எலும்புத்தூள் வச்சு நிரப்பறேன். மேல சவ்வு மூடறேன். தைக்கறேன். அப்புறம்?”

“ஒரு மழை பாக்கணும்,” என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். லியூவின் அப்பா கியெம் ஐம்பது வருஷம் மணல்படகு ஓட்டியவர். வீட்டில் காதில் விழுந்ததை மகள் நோயாளிகளின் வாயில் போடுகிறார்.

கத்தி கையில் இருக்கும்போது லியூ நோயாளியோடு பேசுவதில்லை, ஈறோடு பேசுவார். ஈறைப் புத்தகத்தின் பக்கம்போல் மெல்லத் திறந்து, எலும்பில் ஊசி முனையால் புள்ளி புள்ளியாகக் குத்தி ரத்தம் கசிய வைப்பார். ரத்தம் வராத எலும்பில் வைத்தது ஒட்டாது. எலும்புத்தூளை அந்த ரத்தத்திலேயே குழைத்து அடைப்பார். சவ்வை விரிப்பார். பிறகு ஈறை இழுத்து மூடும் நேரம்.

“வாடி, வாடி. வெக்கப்படாத. இன்னும் கொஞ்சம். யாரும் இழுக்க மாட்டாங்க, நீயா வா.”

புதிதாக வந்த நோயாளிகள் தங்களைத்தான் கூப்பிடுகிறார் என்று நாற்காலியில் நகர்ந்து உட்காருவார்கள். “நீங்க இல்லக்கா, உங்க ஈறு,” என்று தோளை அழுத்துவாள் உதவியாளர் நியான். இழுத்துக் கட்டிய ஈறு கோபக்காரன் மாதிரி, விடிவதற்குள் பிய்த்துக்கொள்ளும் என்பது லியூவின் பாடம். தளர்த்தித்தான் தைக்க வேண்டும். ஈறு போதவில்லையென்றால் அண்ணத்திலிருந்து ஒரு துண்டு எடுத்து, நாற்று நடுவதுபோல் நட்டுவைப்பார்.

இத்தனைக்கும் பிறகு வாயில் பார்க்க ஒன்றும் இருக்காது. அதே ஓட்டை, கொஞ்சம் வீக்கம். மாதக்கணக்கில் கஞ்சி. அப்புறம் ஒரு சனிக்கிழமை சைகோனிலிருந்து டாக்டர் வின் வெள்ளைக் காரில் வந்து, அரைமணியில் இம்ப்ளான்டை இறக்கிவிட்டுப் போவார். நோயாளிகள் அவரோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். டுரியான் பழம், மீன் ஊறுகாய், கூண்டோடு சேவல் எல்லாம் அவர் காரில் ஏறும்.

“உங்களுக்கு வயித்தெரிச்சலா இல்லையா டாக்டர்?” என்று நியான் ஒருமுறை கேட்டாள்.

“டுரியான் நாத்தம் எனக்கு ஆவாது,” என்றார் லியூ.

ஊர் அவருக்கு வைத்த பெயர் ‘இன்னும் ஆகலை’ டாக்டர். பல் எப்போது வைக்கலாம் என்று கேட்கிற எவருக்கும் அவர் பதில் அதுதான். அவருக்கு நாற்பத்தேழு வயது. கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டாலும் அதையே சொல்வார். அந்த நாட்டில் எண்பது வயதுக் கன்னிகூட ‘இல்லை’ என்று சொல்ல மாட்டாள், ‘இன்னும் ஆகலை’ என்றுதான் சொல்வாள். ஆனால் லியூ சொல்லும்போது, எதிரே இருப்பவர் தன் பல்லைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

மருத்துவமனையில் அவர் மேசைக்கு ஒரு பெரிய இழுப்பறை உண்டு. நியான் அதற்குச் ‘சிறைச்சாலை’ என்று பெயர் வைத்திருக்கிறாள். தையல் போட்டு அனுப்பும்போதே, தைத்ததைக் கெடுக்கப் போவது எதுவோ அதை அடகு வாங்கி உள்ளே போட்டுவிடுவார் லியூ. சிகரெட் லைட்டர்கள், ஒரு வெற்றிலைச் செல்லம், கரும்பு சீவும் கத்தி, புத்தாண்டில் முன்பல்லால் கடித்து உடைக்கும் தர்பூசணி விதைப் பொட்டலங்கள். பல்லால் பீர் பாட்டில் திறந்து பந்தயம் கட்டும் மீன்வியாபாரி ஒருவர் அடகு வைக்கப் பொருள் இல்லையென்று சொன்னபோது, ஒரு பீர் பாட்டிலையே வாங்கி உள்ளே வைத்தார். ஈறும் எலும்பும் தேறியதும் அவரவர் பொருள் அவரவருக்கு.

அந்தச் சிறையின் பெரிய கைதி, கைக்குட்டையில் சுற்றிய ஒரு வெள்ளி ஊதுவாய். ட்ரம்பெட்டின் நுனியில் செருகுவார்களே, உதடு பதியும் குட்டிக் கிண்ணம், அது.

அதற்குச் சொந்தக்காரர் சின். அந்த மொழியில் சின் என்றால் ஒன்பது. மூத்த பிள்ளையையே இரண்டு என்று எண்ணத் தொடங்கும் ஊரில், வீட்டுக்கு எட்டாவது பிள்ளை. சாவுவீட்டு வாத்தியக் குழுவின் தலைவர், அறுபதை நெருங்குகிறார். வெள்ளைச் சட்டை, தோளில் மஞ்சள் சரிகை, தலையில் தொப்பி. அவர் ட்ரம்பெட் ஊதாமல் போன பிணம் அந்தக் கரையில் முப்பது வருஷமாக இல்லை என்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சவப்பெட்டியைப் படகில் ஏற்றும்போது ஈரப்பலகை வழுக்கி, வாயில் வைத்திருந்த ட்ரம்பெட்டே மேல் முன்பற்கள் இரண்டையும் பெயர்த்துவிட்டது. கழற்றி மாட்டும் பல்லை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினார். ஒருநாள் ஒப்பாரியின் நடுவே அந்தப் பல் பறந்துபோய் மலர்வளையத்துக்குள் விழுந்தது. மறுநாள் லியூவின் வாசலில் நின்றார்.

அதற்குள் கரை இடிந்திருந்தது. முன்பக்க எலும்பு வெற்றிலைக்காம்பு கனத்துக்கு மெலிந்துவிட்டது. லியூ எலும்புத்தூள் வைத்து நிரப்பினார். ட்ரம்பெட் ஊதக் கூடாது என்று கண்டித்துச் சொன்னார். அப்போது அடகு வாங்கவில்லை. அப்பாவின் சிநேகிதர், சிறுவயதிலிருந்து சித்தப்பா என்று கூப்பிட்டவர் என்பதால் வாய்வார்த்தையோடு விட்டார்.

மூன்றாவது வாரம் சின்னின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தார். தையல் விட்டிருந்தது. தூள் உதிர்ந்து, எலும்பு வெளியே தெரிந்தது.

“ஊதினீங்களா சித்தப்பா?”

“ஐயையோ, சத்தியமா இல்ல டாக்டர் பாப்பா. ட்ரம்பெட் பெட்டியில பூட்டிக் கெடக்கு. சாவி உன் சித்தி இடுப்புல. வேணும்னா வந்து பாரு.”

“அப்ப உதட்டுல இந்த வட்டம் ஏது?”

ஊதுகிறவர்களின் உதட்டில் ஊதுவாய் பதிந்து சிவப்பு வளையம் விழும்; கொஞ்ச நேரம் நிற்கும். சின் அதைத் தடவிப் பார்த்தார்.

“இதுவா? ஊதுவாயை மட்டும் கழட்டி வச்சிருக்கேன். காலையில கொஞ்சம் உறுமிப் பாப்பேன். உதடு மறந்துடக் கூடாதுல்ல? அது ட்ரம்பெட் இல்லையே பாப்பா.”

எலும்பை அழுத்துவது ட்ரம்பெட்டின் எந்தப் பகுதி என்று ஊதுகிறவருக்குத் தோன்றவே இல்லை. சத்தம் வந்தால்தான் அவருக்கு அது ஊதல். லியூ அன்று திட்டவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் திட்டாததுதான் சின்னைக் கலக்கியது.

“திட்டிடு பாப்பா. திட்டினா போயிடுவேன்.”

அந்த இடம் ஆறக் காத்திருந்து, புத்தாண்டு கழிந்ததும் இரண்டாம் முறை. இந்தத் தடவை வெறும் தூள் போதாது. கீழ்த்தாடையின் கோடியிலிருந்து சின்னின் சொந்த எலும்பிலேயே ஒரு சிறு பாளம் வெட்டி எடுத்து, முன்பக்கம் வைத்து, குட்டித் திருகாணிகளால் முடுக்கி, சுற்றித் தூள் நிரப்பி மூடினார். முடித்ததும் முகமூடியை இறக்கிவிட்டுச் சொன்னார்.

“இதுவும் போச்சுன்னா மூணாவது தடவ கெடையாது. உங்க சர்க்கரைக்கு நானும் கத்தி வைக்க மாட்டேன், வேற எவனும் வைக்க மாட்டான். எலும்பு இல்லாட்டி பல்லு இல்ல. பல்லு இல்லாட்டி உதடு எதுல நிக்கும்? ஊதுனது அத்தோட சரி. புரியுதா?”

சின் பேச முடியாமல் கன்னத்தில் பஞ்சோடு தலையாட்டினார். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டுப் போகிறவர்போல ஒருமுறை பிரித்துப் பார்த்து, இழுப்பறைக்குள் தானே வைத்தார். வேறு ஊதுவாய் கடையில் கிடைக்கும். அது அவருக்கும் தெரியும், லியூவுக்கும் தெரியும். அவர் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் வந்து, இழுப்பறையைப் பார்த்தபடியே வாயைத் திறந்துகாட்டிவிட்டுப் போனார். குழுவில் பெரிய மத்தளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். “டம் டம்னு அடிக்கறேன். பொணம்கூட மதிக்க மாட்டேங்குது,” என்று கியெம்மிடம் புலம்புவார். இருவரும் மாலையில் கியெம் வீட்டு ஊஞ்சல்படுக்கைக்குப் பக்கத்தில் சதுரங்கம் ஆடுவார்கள். கியெம்முக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒரு காய் வெட்டுக்கு ஒருமுறை அவர் சொல்வது ஒன்றுதான்.

“என்னப் படகுல ஏத்தறப்ப நீதான் ஊதணும். வேற எவனாவது ஊதினான்னு வச்சுக்க, எந்திரிச்சு வந்து உதைப்பேன்.”

“உன் மவ பூட்டி வச்சிருக்கா. அவளக் கேளு.”

கியெம் மகளைப் பார்ப்பார். “நான் போறதுக்குள்ள இவன் வாய் ஆயிடுமா?”

“ஒரு மழை பொறுங்கப்பா.”

“பொறுத்துக்கறேன். எனக்கென்ன அவசரம்?”

மழை தொடங்கிப் பாதிகூட ஆகவில்லை. ஒரு நடுப்பகலில் அதே ஊஞ்சல்படுக்கையில், முகத்தில் விசிறியை வைத்துத் தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. செய்தி வந்தபோது லியூவின் கையில் ஊசி இருந்தது. ஒரு பள்ளி ஆசிரியையின் ஈறில் இரண்டு தையல் பாக்கி. நியான் காதோரம் குனிந்து சொன்னாள். லியூ ஊசியின் நூலை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, “வாடி. இந்தப் பக்கம். அவ்வளவுதான்,” என்றார். இரண்டு தையலும் தளர்வாக, சரியாக விழுந்தன. கத்தரித்துவிட்டு, ஆசிரியையிடம் எதைத் தின்னக் கூடாது என்று சொல்லிவிட்டு, அடகாக அவளுடைய வறுகடலைப் பொட்டலத்தையும் வாங்கி வைத்துவிட்டுத்தான் மேலங்கியைக் கழற்றினார்.

சாயங்காலம் சின் வந்தார். உடம்பின் தலைமாட்டில் ஊதுபத்தி வைத்துவிட்டு, திரும்பி வந்து லியூவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“டாக்டர் பாப்பா. உங்கப்பனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.”

“தெரியும் சித்தப்பா.”

“ஒரே ஒரு பாட்டு. பெட்டிய வீட்டுலேருந்து தூக்கிப் படகுல வைக்கற வரைக்கும். ஓரமா வச்சு ஊதிடுவேன். அழுத்த மாட்டேன். உடைஞ்சா உடையட்டும். நீ திட்ட வேணாம், நானே திட்டிக்கறேன்.”

பக்கத்தில் வெள்ளைத் துணி கிழித்துக்கொண்டிருந்த நியான் கையை நிறுத்திவிட்டு, வழக்கமான இரண்டு சொல்லுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.

“பாக்கலாம்,” என்றார் லியூ.

அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நியான் கேட்டதில்லை.

மறுநாள், சாவுவீட்டை விட்டு மருத்துவமனைக்கு வந்தார் லியூ. ஏதோ மறந்துவிட்டது என்றார். இழுப்பறையைத் திறந்தார். லைட்டர்களைத் தள்ளி, கைக்குட்டையைப் பிரித்து, ஊதுவாயை எடுத்து வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு சின்னின் தாடை எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். வெள்ளைப் பாளம், இரண்டு குட்டித் திருகாணிகள். பாளத்துக்கும் பழைய எலும்புக்கும் நடுவே, இன்னும் ஒட்டாத இடத்தில், மயிரிழைபோல ஒரு கறுப்புக் கோடு. நெடுநேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டாக்டர், அதை வெளிய எடுத்தா மத்த கைதிங்க எல்லாம் கலாட்டா பண்ணுவாங்க,” என்றாள் பின்னாலேயே வந்து நின்ற நியான், சிரிக்க வைக்கப் பார்த்து.

“சும்மா துடைச்சு வைக்க எடுத்தேன்,” என்றார் லியூ. திரும்ப உள்ளே வைக்கவில்லை.

பெட்டி எடுக்கும் காலை தூறலோடு விடிந்தது. வாத்தியக் குழு வாசலிலிருந்து துறைவரை இரண்டு வரிசையாக நின்றது. சின் முன்னால் நின்றார். மத்தளம் வேறொருவர் கழுத்தில் இருந்தது. சின்னின் கையில் நெடுநாளைக்குப் பிறகு ட்ரம்பெட், துடைத்துப் பளபளப்பாக, நுனியில் ஊதுவாய் இல்லாமல் மொட்டையாக. அவருக்குப் பின்னால் இரண்டாம் ட்ரம்பெட்காரர். காப்பிக்கடை நடத்துபவர், தலைவர் ஊதுவாரா, தான் ஊத வேண்டுமா என்று தெரியாமல் உதட்டை நக்கிக்கொண்டிருந்தார்.

ஊர் வழக்கப்படி பெட்டியின் மேல் கோப்பை நிறையச் சாராயம் வைத்து, அது தளும்பாமல் தூக்கினார்கள். லியூ தலையில் வெள்ளைத் துணி கட்டி, முரட்டு வெள்ளை அங்கியில் பெட்டிக்குப் பின்னால் நடந்தார். வலது கை அங்கியின் பைக்குள் இருந்தது. வாசற்படியில் பெட்டி நின்றது. அது பாட்டுத் தொடங்க வேண்டிய இடம். குழு முழுவதும் சின்னைப் பார்த்தது. சின் லியூவைப் பார்த்தார். பிறகு இரண்டடி நடந்து வந்து, உள்ளங்கையை நீட்டினார்.

தூக்கியவர்களின் தோள் நடுங்கியது. கோப்பையில் சாராயம் விளிம்புவரை ஏறி இறங்கியது. லியூ அந்த நீட்டிய கையைப் பார்த்தார். அவருடைய பார்வை மெல்ல மேலே ஏறி, வழக்கமாக எங்கே நிற்குமோ அங்கே, சின்னின் மேலுதட்டில் போய் நின்றது.

“இன்னும் ஆகலை சித்தப்பா.”

சின் கையை மடக்கிக்கொண்டார். தலையை ஒருமுறை அசைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிப் போய், காப்பிக்கடைக்காரரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

காப்பிக்கடைக்காரர் ஊதினார். நன்றாகத்தான் ஊதினார் என்று சொல்ல முடியாது. மூன்றாவது அடியில் மூச்சு முட்டி ஒரு சுரம் தடுக்கி விழுந்தது. கூட்டம் பெட்டியைப் பார்த்தது. கியெம் எழுந்து வரவில்லை. துறைவரை, பெட்டி படகில் இறங்கும்வரை, சின் தன் மொட்டை ட்ரம்பெட்டை உதட்டுக்கு ஒரு விரல் தள்ளி உயர்த்திப் பிடித்தபடி நடந்தார். கன்னம் உப்பவில்லை. விரல்கள் மட்டும் ஒவ்வொரு சுரத்துக்கும் பொத்தான்களை அழுத்தி அழுத்தி எடுத்தன. தடுக்கி விழுந்த சுரத்தையும் அவை சரியாக வாசித்தன.

படகில் லியூ பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். யாரோ தேநீர் நீட்டினார்கள். இடது கையால் வாங்கிக்கொண்டார். வலது கை பையிலிருந்து வெளியே வரவில்லை. பழத்தோட்டத்தின் நடுவே, கியெம் தனக்கென்று தானே மணல் இறைத்து, இரண்டு மழை பார்த்து வைத்திருந்த மேட்டில் குழி தயாராக இருந்தது. மண் ஓரத்தில்கூடச் சரியவில்லை.

புதைத்து முடித்ததும் ஒவ்வொருவராக வந்து ஊதுபத்தி ஊன்றினார்கள். சின் கடைசியில் வந்தார். ஊன்றிவிட்டுத் திரும்பும்போது அழுகையில் வாய் கோணியிருந்தது. லியூ பையிலிருந்து கையை எடுத்தார். எப்போதும்போல அனுமதி கேட்காமல், பெருவிரலால் சின்னின் மேலுதட்டைத் தூக்கி, தூறல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார். ஈறு மூடி, இளஞ்சிவப்பாக இருந்தது. உதட்டில் வளையம் இல்லை. கண்ணுக்கு நேரே விரிந்திருந்த அந்தக் கையைச் சின் பார்த்தார். உள்ளங்கையின் நடுவில் ஊதுவாய் பதிந்து, ரத்தச்சிவப்பாக ஒரு வட்டம்.